கிட்டா, ரெடிமேடா? மேட்டூர் நிலக்கரி ரேக் ஒன்று சேர்க்க வேண்டும்

சூரமங்கலம் யார்டு

மாடல் ரயில் நண்பர்களுக்கு வணக்கம். மாடியில் கிடந்த பழைய சாமான்களை ஒழித்ததில் 12 அடிக்கு 10 அடி அறை ஒன்று கிடைத்திருக்கிறது. வீட்டில் ஒப்புதலும் கிடைத்துவிட்டது, நவராத்திரியில் கொலுப்படிக்கு இடம் விட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சேலம் சந்திப்பின் ஒரு மூலையை மாடல் ரயில் லேஅவுட்டாக எச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காக, அமைக்க எண்ணம். இரண்டு வண்டிகள் கட்டாயம் வேண்டும். ஒன்று மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி ரேக் (ஒன்றாக இணைத்த வேகன் வரிசை), குறைந்தது 20 பாக்ஸ்என் வேகன், அதாவது நம் ரயில்வேயின் திறந்த நிலக்கரி வேகன். இன்னொன்று பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய நீல நிறப் பெட்டிகளோடு ஏற்காடு எக்ஸ்பிரஸ். (ஏற்காட்டுக்கே போகாத ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். மலைக்காரர்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டார்கள்.)

வெளிநாட்டு ரெடிமேட் திறந்த வேகன்களை வாங்கி, நிறம் மாற்றி, நம் எழுத்துகளை ஒட்டி ஒப்பேற்றுவதா? அல்லது பாகங்களாக வரும் கிட் வாங்கிக் கட்டுவதா? விலைப்பட்டியலைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கைவேலை எனக்குப் புதிது, பள்ளி நாட்களில் அட்டையில் வீடு செய்ததோடு சரி.

கொலுசுப் பட்டறை

கட்டுங்கள். காரணத்தை இரவில் எழுதுகிறேன். இப்போது ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது.

ஓடினால் போதும்

அவர் அப்படித்தான் சொல்வார். சாமணத்தைப் பிடித்துக்கொண்டே பிறந்தவர். நான் ஷிஃப்ட் வேலைக்காரன். இரவுப் பணி முடிந்து, தூங்கி எழுந்து, கடைக்குப் போய் வந்த பிறகு மிஞ்சும் நேரத்தில் எனக்கு வண்டி ஓட வேண்டும். ரேக்கைப் பிரித்து சைடிங்கில் (பக்கத் தடத்தில்) தள்ளுவது, காலி வேகன்களைச் சேர்ப்பது, கடைசியில் பிரேக் வேனை மாட்டுவது, இந்த யார்டு வேலைதான் எனக்கு ரயில். கைப்பிடிக் கம்பியை 0.3 மி.மீ. துளைக்குள் நுழைப்பதில் எனக்கு எந்தச் சுகமும் இல்லை.

கிட் என்றதும் மூத்தவர்கள் உருகிவிடுவார்கள். அந்தக் காலத்துக் கிட் என்ன என்று பாருங்கள். அமெரிக்காவில் ஏத்தர்ன் நிறுவனம் நீல அட்டைப் பெட்டியில் விற்றது: வேகன் உடல், அடிச்சட்டம், எடைக்கு ஓர் இரும்புத் தகடு, சக்கரங்களைத் தாங்கும் இரண்டு போகி, வேகன்களை இணைக்கும் கப்ளர். ஒரு திருப்புளி இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெட்டியைக் குலுக்கினாலே உள்ளே வேகன் தயாராகிவிடும் என்று அங்கேயே கேலி செய்வார்கள். அதில் கைவினை எங்கே இருக்கிறது? தொழிற்சாலையின் கடைசிக் கட்ட வேலையை வாங்குபவர் தலையில் கட்டி விலையைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். சீனாவில் அந்த வேலைக்கும் ஆள் கிடைத்ததும் விலை வித்தியாசம் சுருங்கியது. 2000-களின் இறுதியில் நீலப் பெட்டி நின்றே போனது. அக்யுரெய்ல், டிச்சி போன்ற சிலர்தான் கிட்டை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இன்றைய நல்ல ரெடிமேட் வேகனில் உலோகச் சக்கரம், தனித்தனியாகப் பொருத்திய ஏணி, பிரேக் குழாய், சரியான எடை எல்லாம் இருக்கின்றன. புதிதாக வருபவர் இதைக் கட்டி எட்டுவதற்குள் ஆசையே போய்விடும். வாங்கி ஓட்டுங்கள்.

ஏற்காட்டு மூடுபனி

நான் இருப்பது 1515 மீட்டர் உயரத்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே. எனவே தரைநாட்டார் மறந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஈரம்.

மரக் கிட் எதையும் நான் இப்போது தொடுவதில்லை. பக்கவாட்டுப் பலகைக்கு ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிவிட்டு மறுபக்கத்தை விட்டால், மழைக்காலத்தில் பூசாத பக்கம் ஈரத்தைக் குடித்து அப்பளம் போல் வளையும். இரண்டு பக்கமும் சீலர் பூசிய பிறகே ஒட்ட வேண்டும். சூப்பர் குளூ ஈரக் காற்றில் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்பூச்சாகப் படியும், கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் அதைப் பயன்படுத்தினால் ஜன்னல் மங்கிவிடும். லாக்கர் வகைப் பெயின்டை மூடுபனி நாளில் ஸ்பிரே செய்தால் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். ஆக, கட்டுகிறவர் நாள் பார்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது, ஆடியில் கல்யாணம் வைக்காததைப் போல.

ஒரு பெரிய எச்சரிக்கை. எடைக்காக ஈயக் குண்டுகளை வேகனின் மூடிய அறைக்குள் கொட்டி, மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசையை ஊற்றி இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. செய்யவே செய்யாதீர்கள். ஈயம் மெல்ல மெல்ல வெள்ளை உப்பாக மாறிப் பருக்கும், சில ஆண்டுகளில் உடலையே பிளந்துவிடும். இங்கிலாந்து மாடல்காரர்கள் இதில் நல்ல நல்ல இன்ஜின்களை இழந்திருக்கிறார்கள். ஈயம்தான் வேண்டுமென்றால் எபாக்சியில் ஒட்டுங்கள்.

ரெடிமேட் மட்டும் சாகாவரம் பெற்றதில்லை. துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்திருந்தால், வாங்கும்போது பளபளவென்று இருக்கும் அடிச்சட்டம் பின்னொரு நாள் வீங்கி, வெடித்து, தூளாக உதிரும். அதை ஒட்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நாமே கட்டியது கெட்டால் எந்த இடத்தில் கெட்டது என்றாவது தெரியும்.

என் லேஅவுட்டைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். இல்லாத பாதை அது. நீலகிரிக்கு மலை ரயில் 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் உதகை வரையும் போய்ச் சேர்ந்தது. எங்கள் சேர்வராயன் மலைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதனால் 12 மி.மீ. தண்டவாளத்தில், பல்சக்கரத்தோடு, மீட்டர் கேஜ் பாதை ஒன்றை நானே மேலே கொண்டுவந்துவிட்டேன். இல்லாத ரயிலுக்கு ரெடிமேட் பெட்டி யார் விற்பார்கள்?

சூரமங்கலம் யார்டு

ஐயா, ஈயம் பற்றிச் சொன்னதற்கு நன்றி. குண்டு வாங்கும் பட்டியலில் இருந்தது, அடித்துவிட்டேன்.

ஆனால் என் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரெடிமேட் என்றால் எந்த வேகன்? மாதிரிக்கு ஒரு ஐரோப்பியத் திறந்த வேகன் வாங்கினேன். நான்கே சக்கரம். நீல வண்ணம் பூசினாலும் சிவப்பு பூசினாலும் அது ஜெர்மனியிலேயே நிற்கிறது.

பாக்ஸ்என் 58

சரக்கு வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். (2022 முதல் அந்தப் பதவிக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர். எங்கள் வீட்டில் இன்னும் கார்டுதான்.) எத்தனையோ இரவுகள் பின்னால் உட்கார்ந்து பார்த்த வேகன், அதனால் அளவோடு பேசலாம்.

பாக்ஸ்என் ஒரு முனைக் கப்ளரிலிருந்து மறுமுனைக் கப்ளர் வரை 10,713 மி.மீ. உடல் நீளம் 9,784, அகலம் 3,200. எச்.ஓ. அளவில் கப்ளரோடு 123 மி.மீ., உடல் 112, அகலம் 37. முழு ரேக் 58 வேகன். அப்படியே வைத்தால் 7.1 மீட்டர், இன்ஜினும் பிரேக் வேனும் தனி. தம்பியின் 12 அடிச் சுவருக்கு 20 வேகன், அதாவது இரண்டரை மீட்டர், சரியான கணக்கு.

இப்போது ரெடிமேட் சந்தைக்கு வருவோம். அமெரிக்க நிலக்கரி ஹாப்பருக்கு அடியில் சரிவும் கதவும் உண்டு, நம் பாக்ஸ்என்னுக்குத் தட்டைத் தளம், பக்கவாட்டுக் கதவு. அமெரிக்கத் திறந்த வேகனான கொண்டோலா நீளம் அதிகம், அல்லது உயரம் குறைவு. நம்முடையது 32 அடி உடலில் உயரமாக நிற்கும் குட்டை வேகன். நிறம் மாற்றினால் தொலைவிலிருந்து ஏமாற்றலாம் என்பார்கள். தினமும் ரயில் பார்க்கிற சேலத்துக்காரரை ஏமாற்ற முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்டவாளத்தில் இருக்கிறது. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. பாதைக்கான குறுக்கம். நம் அகலப்பாதை 1676. அதை 87-ஆல் வகுத்தால் 19.2 மி.மீ. வர வேண்டும். எச்.ஓ. அளவு இந்தியப் பெட்டியை வாங்கினாலும் கட்டினாலும், ஏறக்குறைய 2.7 மி.மீ. ஒடுங்கிய பாதையில்தான் நிற்கும். முன்னாலிருந்து பாருங்கள், ஒல்லிக் காலில் பெருத்த உடம்பு.

கட்டுகிறவருக்கு இங்கே ஒரு கதவு திறக்கிறது. அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று வைத்தால் ஐந்தரை அடிக்கு எவ்வளவு? 16.5 மி.மீ. தசமம் பிசகாமல் அதே தண்டவாளம்! இந்த அளவு 101.6-ல் ஒரு பங்கு. இங்கிலாந்தில் ‘3 மி.மீ. ஸ்கேல்’ என்று பழகிய அளவுதான், அங்கே 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். நாம் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தை அப்படியே போட்டு, மேலே ஓடுவதை மட்டும் 101.6-ல் கட்டினால் பாதையும் பெட்டியும் பொருந்திவிடும். ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் 21,337 மி.மீ. எச்.ஓ.வில் 245 வரும், இந்த அளவில் 210. சின்ன அறையின் வளைவுகளுக்கு அந்த 35 மி.மீ. குறைவதே பெரிய உபகாரம். பாக்ஸ்என் 105 மி.மீ. ஆகும். 20 வேகன் நிற்கும் இடத்தில் இன்னும் மூன்று வேகன் கூடுதலாக நிற்கும்.

இந்த அளவில் இந்திய ரெடிமேட் எதுவும் கிடையாது. எனவே என் ஓட்டு கட்டுவதற்கே.

ஓடினால் போதும்

> இந்த அளவில் இந்திய ரெடிமேட் எதுவும் கிடையாது

கார்டு ஐயா, இதை நீங்கள் ஆதரவாகச் சொன்னீர்களா, எதிராகவா? இன்ஜினுக்கு என்ன செய்வது? நிலையக் கட்டடம், மனித உருவங்கள், லாரி எல்லாம் எச்.ஓ.வில் இருக்கும், வேகன் மட்டும் சற்று இளைத்து நிற்கும். நாங்கள் நான்கு பேர் பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்து ஓட்டும்போது அவர் வண்டி மட்டும் தனியே ஓட வேண்டும். 2.7 மி.மீ. ஒடுக்கத்தைப் பக்கவாட்டில் நின்று பார்க்கும் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. முதல் லேஅவுட் போடுபவருக்கு இவ்வளவு தத்துவம் தேவையா?

பாக்ஸ்என் 58

பக்கவாட்டில் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். இன்ஜினும் தலைவலிதான். அமெரிக்க ஆறு அச்சு இன்ஜின் ஒன்றின் அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு மேலுடலை மட்டும் புதிதாகக் கட்ட வேண்டும். உருவங்களும் லாரியும் பின்னணிக்குப் போகட்டும், தொலைவில் நிற்பவை சிறியதாகத்தானே தெரியும். இங்கே தலைகீழ், பரவாயில்லை.

ஆனால் நான் சொல்ல வந்ததில் பாதியை இன்னும் சொல்லவில்லை. பாக்ஸ்என்னின் கேஸ்னப் போகியில் இரண்டு அச்சுகளுக்கு இடையே 2,000 மி.மீ. 101.6-ல் அது 19.7 மி.மீ. அமெரிக்க சரக்கு போகிகளில் 5 அடி 8 அங்குலம் என்பது சாதாரண அளவு. எச்.ஓ.வில் அது 19.8 மி.மீ. கேஸ்னப்பும் அதே மூன்று துண்டு வார்ப்பு எஃகு வகை என்பதால் முகமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். 33 அங்குல எச்.ஓ. சக்கரம் 9.6 மி.மீ., நம் கணக்கில் 975 மி.மீ. புதுச் சக்கரம் 1,000. சற்றுத் தேய்ந்த வேகன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேட்டூர் வண்டிக்கு அதுதான் அழகு.

அதாவது கடையில் வாங்கும் போகி, சக்கரம், கப்ளர் மூன்றும் அப்படியே பொருந்தும். எச்.ஓ.வில் கட்டினால்தான் அந்தப் போகி குட்டையாகத் தெரியும், ஏனென்றால் அங்கே 23 மி.மீ. தேவை.

சூரமங்கலம் யார்டு

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது. இவ்வளவு நாள் யாரும் ஏன் சொல்லவில்லை?

ஏற்காட்டு மூடுபனி

கார்டு சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், தம்பி. நாங்கள்தான் தேநீர் எடுக்கப் போய்விடுவோம்.

அஞ்சல் வழி

இறக்குமதி பற்றி ஒன்று. கிட்டாக வரவழைத்தால் வரி குறையும் என்று பலர் நம்புகிறார்கள். சுங்கப் பட்டியலில் 9503 என்ற தலைப்பில் பொம்மைகளும் குறுக்க அளவு மாடல்களும் ஒன்றாக இருக்கின்றன. அது ஓடுகிறதா, சும்மா நிற்கிறதா என்ற பேதம்கூட இல்லை. 2020 பட்ஜெட்டில் அந்தத் தலைப்புக்கான அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. கட்டி வந்தாலும் கட்டாமல் வந்தாலும் விகிதம் ஒன்றே. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைக் கட்டாயமும் வந்தது. அது 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கானது, பெரியவர்களுக்கான மாடல் என்பதை ஆவணத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அனுப்பும் முன் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எனவே கனமான, விலை கூடிய முழு வேகனைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து வரி கட்டுவதைவிட, இங்கே செய்ய முடியாத சக்கரம், கப்ளர், போகி ஆகியவற்றை மட்டும் வரவழைப்பது மிச்சம்.

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்

ஐயா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லூரி மாணவி, இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கிட், ரெடிமேட் என்று இரண்டு பக்கம்தான் பேசுகிறீர்கள். 3டி பிரிண்டரை யாரும் சொல்லவில்லையே?

ரெசின் (ஒளியில் இறுகும் திரவப் பிசின்) பிரிண்டரில் பாக்ஸ்என் உடலை ஒரே துண்டாக எடுக்கலாம். விலா எலும்புபோல் நிற்கும் பக்கவாட்டுச் சட்டங்கள், கதவின் கீல், தாழ்ப்பாள் வரை தெரியும். கம்பி இழையை உருக்கி அடுக்கும் மலிவு பிரிண்டர் இதற்கு ஆகாது. அடுக்குக் கோடுகள் வேகனின் பக்கவாட்டில் வயல் வரப்பு மாதிரி தெரியும், உப்புத்தாள் போட்டால் கோட்டோடு கீலும் போய்விடும்.

ரெசினிலும் தொல்லை உண்டு. நீளமான மெல்லிய சுவர் முழுவதுமாக இறுகும் முன் வளையும். எடுத்ததும் நன்றாகக் கழுவி, புற ஊதா ஒளியில் ஒரே சீராகக் காட்ட வேண்டும். சேலத்து வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் போதும் என்று என் நண்பர்கள் வைத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகி வாழைப்பழமாக வந்தது. இருபது வேகனையும் பிரிண்டரில் எடுப்பதைவிட ஒன்றை மட்டும் எடுத்துச் செதுக்கி, சிலிக்கான் ரப்பர் அச்சு எடுத்து, மற்றவற்றை ரெசினில் வார்த்தால் செலவு குறையும், எல்லாம் ஒன்றுபோலவும் இருக்கும்.

கொலுசுப் பட்டறை

இப்போதுதான் கை ஓய்ந்தது.

தங்கை சொன்னது சரியான வழி. நான் சேர்ப்பது அந்த முதல் வேகனைப் பற்றி, அதை ஏன் பித்தளையில் செய்ய வேண்டும் என்பதைப் பற்றி.

நேரம் இல்லை என்று ஓடினால் போதும் அண்ணன் சொல்கிறார். கொலுசுக்குச் சலங்கை கோர்ப்பவருக்கும் நேரம் இருப்பதில்லை, ஆனால் அவர் ஒரு கொலுசை முதலிலிருந்து கடைசிவரை செய்வதில்லை. கம்பி இழுப்பவர் வேறு, பற்றவைப்பவர் வேறு, மெருகு போடுபவர் வேறு. செவ்வாய்ப்பேட்டையில் தெருவுக்குத் தெரு இப்படித்தான் நடக்கிறது. மாடல் உலகில் மட்டும் எல்லாவற்றையும் ஒருவரே செய்தால்தான் கட்டியதாகக் கணக்கு என்று யார் வைத்தது? அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் புதியவர்களைப் பயமுறுத்தி ரெடிமேட் பக்கம் தள்ளுகிறோம்.

பித்தளை ஏன்? காலி வேகனை யோசியுங்கள். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் எச்.ஓ.வுக்கு ஓர் எடைக் கணக்கு வைத்திருக்கிறது: அடிப்படையாக 1 அவுன்ஸ், அதன்மேல் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 112 மி.மீ. உடலுக்கு ஏறக்குறைய 91 கிராம் வருகிறது. நிலக்கரி ஏற்றிய வேகனில் நிலக்கரிக்கு அடியில் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம். மேட்டூரிலிருந்து திரும்பும் காலி ரேக்கில் எங்கே ஒளிப்பீர்கள்? உள்ளே எல்லாம் தெரியும். ரெசின் உடல் மட்டும் என்றால் காகிதம் மாதிரி இலேசு. இன்ஜின் பின்னுக்குத் தள்ளும்போது நடு வேகன் எழும்பி வளைவுக்கு வெளியே விழும். தளத்தை மட்டும் 1 மி.மீ. பித்தளைத் தகடாகப் போட்டால் அதுவே 34 கிராம். உலோகச் சக்கரமும் போகியும் சேர்ந்தால் ஓடுகிற எடை வந்துவிடும். 3 மி.மீ. அளவில் உடல் சிறியது, தேவைப்படும் எடையும் கொஞ்சம் குறையும், ஆனால் தகடும் சிறிதாகிவிடுவதால் கணக்கு பெரிதாக மாறாது.

பற்றவைப்பு பற்றிக் கேட்பீர்கள். எங்கள் ஊதுகுழலையும் வெங்காரத்தையும் இங்கே கொண்டுவர வேண்டாம், வெள்ளிப் பற்றாசின் சூட்டில் இந்த மெல்லிய தகடு நெளிந்துபோகும். சாதாரண சால்டரிங் அயர்ன் போதும். சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. பெரிய இணைப்புகளுக்கு 188 டிகிரியில் உருகும் ஈயப்பற்று, அதன் பக்கத்தில் சின்ன உறுப்புகளுக்கு 145 டிகிரி, வெள்ளை உலோக வார்ப்பைச் சேர்க்க 70 டிகிரி. சூடு அதிகம் வேண்டியதை முதலில் முடித்தால், பிறகு வைப்பது முன்பு வைத்ததைக் கழற்றாது. இது தெரியாமல் ஏணி ஒட்டினால் கதவு விழும், கதவு ஒட்டினால் ஏணி விழும். முடிந்ததும் அமிலப் பிசுக்கைக் கழுவாமல் விட்டால் பச்சை பூத்து வண்ணம் உரியும். மலையில் இன்னும் சீக்கிரம்.

ஓடினால் போதும்

காலி ரேக் எடை பற்றிச் சொன்னது உண்மை. என் ரெடிமேட் திறந்த வேகன்கள் காலியாக ஓடும்போது பின்னோக்கித் தள்ளுவதை நானே தவிர்க்கிறேன். அதில் உலோக அடிச்சட்டம் உள்ளவை மட்டும் ஒழுங்காக நிற்கின்றன.

யார் எதைக் கட்டினாலும் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு மூலையும் விறைப்பாக இருக்கும் வேகன் தடம் புரளும். ஒரு பக்கப் போகியின் திருகை, திரும்ப மட்டும் விட்டு, ஆட்டம் இல்லாமல் முறுக்குங்கள். மறுபக்கத் திருகைக் கொஞ்சம் தளர விடுங்கள். முக்காலி மாதிரி மூன்று புள்ளியில் உட்காரும். ரெடிமேடோ, கிட்டோ, பித்தளையோ, இதைச் செய்யாமல் என் யார்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பெட்டியை ஒருவர் வீட்டில் கட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி, அதை எல்லாப் பெட்டியிலும் அதே இடைவெளியில் செய்ய வேண்டும். ஒரு ஜன்னல் சாய்ந்தால் போதும், ஓடும்போது கண் அதற்கே போகும். வேகனில் அழுக்கு எல்லாவற்றையும் மறைக்கும், பயணிகள் பெட்டியில் மறைக்காது. எனவே நிலக்கரி ரேக்கைக் கட்டுங்கள், எக்ஸ்பிரஸை வாங்குங்கள். இந்தியப் பெட்டிகளைச் சிறு அளவில் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பாக்ஸ்என் 58

அவர்கள் விற்பது எச்.ஓ. அளவு. இரண்டு அளவை ஒரே லேஅவுட்டில் வைப்பதா?

ஓடினால் போதும்

முன்னால் ஒரு வழித்தடத்தில் எக்ஸ்பிரஸ், பின்னால் சைடிங்கில் சரக்கு. தொலைவில் நிற்பது சிறியதாகத் தெரியும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், ஐயா.

ஏற்காட்டு மூடுபனி

கார்டுக்கு இதற்குப் பதில் கிடைக்காது. சேலத்தில் யாராவது அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

தம்பி, ஐ.சி.எஃப். பெட்டியின் பக்கச்சுவரைத் தகட்டில் அரித்தெடுத்தால் ஜன்னல் சாயாது. படலத்தில் வரைந்து அமிலத்தில் அரிக்கும்போது எல்லா ஜன்னலும் ஒரே வரைபடத்திலிருந்து வருகின்றன. அதனால் கட்டவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். பெரம்பூர் தொழிற்சாலை 1955-லிருந்து 2018 வரை அந்த வடிவத்தைக் கட்டியிருக்கிறது. ஜன்னல், கழிவறைக் கண்ணாடி, கூரைக் காற்றுப்போக்கி எல்லாவற்றிலும் காலத்துக்குக் காலம் மாற்றம் உண்டு. எந்த ஆண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று முடிவு செய்யாமல் தகட்டில் கை வைத்தால் பாதியில் நிற்கும். சென்னை ரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகள் திறந்தவெளியில் நிற்கின்றன, டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய் வாருங்கள்.

சூரமங்கலம் யார்டு

முடிவு செய்துவிட்டேன். போகி, சக்கரம், கப்ளர் வெளியிலிருந்து. வேகன் உடல் 3 மி.மீ. அளவில், தளம் பித்தளை, சுவர் வார்த்த ரெசின். முதலில் ஒரே ஒரு வேகன், அது வளைவில் முன்னும் பின்னும் ஒழுங்காகப் போன பிறகுதான் அச்சு எடுப்பது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் இப்போதைக்கு ஈரோட்டிலேயே நிற்கட்டும்.

கார்டு ஐயா, உங்களிடம் இருக்கும் வரைபடத்தை 101.6-க்குச் சுருக்கித் தர முடியுமா? தகடு வெட்ட எங்கே போவது?

கொலுசுப் பட்டறை

தகடு என் பட்டறையிலேயே வெட்டலாம். ஞாயிறு அடைப்பு, சனிக்கிழமை மாலை செவ்வாய்ப்பேட்டைக்கு வாருங்கள். வரைபடத்தை ஒட்டும் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தால் தகட்டின்மேல் ஒட்டி நேராக அறுத்துவிடலாம். சக்கர ஜோடி ஒன்றாவது கையில் இருக்கட்டும், உயரம் பார்க்க வேண்டும்.

பாக்ஸ்என் 58

வரைபடம் தருகிறேன். கப்ளர் உயரத்தை மட்டும் எச்.ஓ. அளவுகோலிலேயே, தண்டவாளத்துக்கு மேல் 9.9 மி.மீ., வையுங்கள். நம் கணக்கில் ஏறக்குறைய 10.9 வர வேண்டும். ஆனால் அதற்காக அண்ணனின் யார்டில் கப்ளர் மாட்டாமல் நிற்க வேண்டாம்.

ஓடினால் போதும்

நன்றி, ஐயா. என் பிரேக் வேனைக் கொண்டுவருகிறேன், மாட்டிப் பார்க்க.

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்

சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் என்றால் நானும் வருகிறேன், அதுவரை ஆய்வகம் இருக்கிறது. ஐயா, வரைபடத்தைச் சுருக்கும்போது சுவரின் கனத்தையும் சேர்த்துச் சுருக்கிவிடாதீர்கள். 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் வார்த்ததும் வளையும். உள்பக்கம் கொஞ்சம் தடிப்பாக இருந்தால் நிலக்கரி மறைத்துவிடும், காலி ரேக்குக்கு மட்டும் மேல் விளிம்பை உப்புத்தாளால் மெலிதாக்கிக்கொள்ளலாம்.